முதல் டிவிஷனா, மூன்றாம் டிவிஷனா? அமெரிக்கக் கல்லூரி மைதானங்களின் பணக் கணக்கு

2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பின. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் டிவிஷனிலிருந்து நேரே முதல் டிவிஷனுக்குத் தாவியது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அந்த மார்ச் மாதத்தில்தான் தன் வரலாற்றில் முதன்முறையாக முதல் டிவிஷன் ஆண்கள் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில் ஆடியிருந்தது. மாணவர்கள் கொண்டாடி ஓய்வதற்குள், மே மாதமே, மூன்றாம் டிவிஷனுக்கு இறங்குவதென்று அதன் அறங்காவலர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். இறங்கினால் ஆண்டுக்குச் சுமார் 92 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று ஆலோசனை நிறுவனம் ஒன்று கணக்குக் கொடுத்திருந்தது.

ஏறியவர்கள் துணிச்சல்காரர்கள், இறங்கியவர்கள் கோழைகள் என்று ஊர் பேசியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேருமே தங்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். பல கல்லூரிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கின்றன. முதலில் மைதானம் கட்டுகின்றன, பிறகு அந்த மைதானத்துக்குப் பொருத்தமான டிவிஷனைத் தேடுகின்றன, கடைசியில் யார் பணம் கட்டுவது என்று விழிக்கின்றன. அணி தொடர்ந்து தோற்கும் ஆண்டில் தவணையைக் கட்டப்போவது யார் என்ற கேள்விக்குப் பெயரோடு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில்தான் டிவிஷனைத் தீர்மானிக்க வேண்டும். கட்டடம் மூன்றாவதாக வரட்டும்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் தன் உறுப்பினர்களை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. இன்று சுமார் 1,100 கல்லூரிகள் அதில் இருக்கின்றன. முதல் டிவிஷனில் முழு உதவித்தொகை கொடுத்து வீரர்களைச் சேர்க்கலாம். இரண்டாம் டிவிஷனில் பெரும்பாலும் பாதி, கால் என்று பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் கொடுக்கலாம். முதல் டிவிஷனுக்குள்ளேயே அமெரிக்கக் கால்பந்துக்கு (இனி ஃபுட்பால் என்றே சொல்கிறேன்) இரண்டு தட்டுகள் உண்டு: தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பிரம்மாண்ட மைதானங்களின் மேல்தட்டு, அதற்கு அடுத்த கீழ்த்தட்டு.

என்.சி.ஏ.ஏ.வின் வருமானத்தில் பெரும்பகுதி ஆண்கள் கூடைப்பந்தின் மார்ச் மாதப் போட்டியை ஒளிபரப்பும் உரிமையிலிருந்து வருகிறது. மொத்த வருமானத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு 4.37 சதவீதம், மூன்றாம் டிவிஷனுக்கு 3.18 சதவீதம் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சதவீதங்களைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் மேலே போகும் ஆசை வருகிறது. மேலே இருப்பவர்களிலும் பெரும்பாலானவர்கள் விளையாட்டில் லாபம் காண்பதில்லை என்பது அந்த ஆசையில் மறைந்துபோகிறது. டிக்கெட்டும் ஒளிபரப்பும் செலவை ஈடுகட்டும் கல்லூரிகள் ஒரு சிறு கூட்டம்தான். மற்றவர்களின் பள்ளத்தைக் கல்லூரியின் பொது நிதியோ மாணவர் கட்டணமோ நிரப்புகிறது.

மேலே ஏறுவதற்கான செலவு

ஏறுவதற்கு வாசலிலேயே கட்டணம் உண்டு. ஃபுட்பாலில் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் போக முன்பு 5,000 டாலர் கட்டினால் போதும். 2023 அக்டோபரில் அதை ஒரேயடியாக 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். அதோடு குறைந்தது 16 விளையாட்டுகளுக்கு அணி வைத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு 60 லட்சம் டாலராவது உதவித்தொகைக்குச் செலவிட வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார்கள். எந்த வழியில் முதல் டிவிஷனுக்குள் வந்தாலும் அங்குள்ள ஏதாவது ஒரு லீக், "எங்களோடு வந்து ஆடுங்கள்" என்று முறையாக அழைத்திருக்க வேண்டும். அழைப்பு இல்லாவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

2025 ஜூன் மாதத்தில் கணக்கு மறுபடியும் மாறியது. கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதன்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே வருமானத்தில் பங்கு தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பழைய வீரர்களுக்கான இழப்பீடு மட்டும் சுமார் 280 கோடி டாலர், பத்தாண்டுகளில் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை முதல் டிவிஷனில் உள்ள எல்லாக் கல்லூரிகளின் பங்கிலிருந்தும் பிடிக்கிறார்கள். ஃபுட்பால் அணியே இல்லாத சின்னக் கல்லூரிக்கும் பிடித்தம் உண்டு. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் லீக் கோப்பையை வென்று தேசியப் போட்டிக்குப் போய்வந்த சில நாட்களிலேயே மூன்றாம் டிவிஷனுக்கு இறங்குவதாக அறிவித்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் செயின்ட் தாமஸ் எப்படித் துணிந்தது? அதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2019-இல் அதன் பழைய லீக்கே அதை வெளியே அனுப்பிவிட்டது. பெரிய நகரம், பெரிய மாணவர் எண்ணிக்கை, மற்ற கல்லூரிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2017-இல் செயின்ட் ஓலாஃப் கல்லூரியை ஃபுட்பாலில் 97-0 என்று தோற்கடித்திருந்தார்கள். போக்கிடம் தேட வேண்டிய நிலையில் நேரே முதல் டிவிஷனுக்குப் போனார்கள். எனக்குப் பிடித்தது போன பிறகு அவர்கள் காட்டிய நிதானம். ஃபுட்பாலை உதவித்தொகையே தராத பயனியர் லீக்கில் சேர்த்தார்கள். அதிகம் செலவழிக்கும் அணியின் செலவு அங்கேயே கட்டுக்குள் வந்துவிட்டது. பணத்தைக் கூடைப்பந்திலும், மினசோட்டாக்காரர்கள் உயிரை விடும் ஐஸ் ஹாக்கியிலும் போட்டார்கள். சுமார் 17.5 கோடி டாலர் மதிப்பிலான உள்ளரங்கத்துக்கு லீ ஆண்டர்சன், பென்னி ஆண்டர்சன் தம்பதி 7.5 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார்கள். 2025-இல் அந்த அரங்கம் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் கூடைப்பந்தும் ஹாக்கியும் நடக்கின்றன. தோற்கும் ஆண்டிலும் அந்த 7.5 கோடியை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

நன்கொடையாளர் வீட்டு வாசலிலேயே இருப்பவர்கள் மட்டும்தான் இந்த வழியைப் பின்பற்ற முடியும். மற்றவர்கள் பார்க்க வேண்டிய இடம் பெர்க்லி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள மெமோரியல் ஸ்டேடியம் 1923-இல் திறக்கப்பட்டது. ஹேவர்டு நிலநடுக்கப் பிளவு அதன் அடியிலேயே ஓடுகிறது. பலப்படுத்தாமல் விட முடியாது. சுமார் 32 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2012-இல் மீண்டும் திறந்தார்கள். பக்கத்தில் வீரர்களுக்கான பயிற்சி மையம் வேறு. பணத்துக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள்: நல்ல இருக்கைகளின் உரிமையைப் பல பத்தாண்டுகளுக்கு மொத்தமாக விற்பது, வரும் பணத்தை மூலதனமாக்கிக் கடனை அடைப்பது. காகிதத்தில் பார்த்தால் அழகான திட்டம்தான். ஆனால் 2008-இன் நிதி நெருக்கடி குறுக்கே வந்தது, அணியும் தோற்கத் தொடங்கியது, இருக்கைகள் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. கடன் 40 கோடி டாலருக்கு மேல். அதில் ஒரு பகுதி நூறாண்டுக் கடன்பத்திரம். கடைசித் தவணை 2113-இல். இன்று அந்த மைதானத்தில் கைதட்டும் மாணவரின் பேரப்பிள்ளைகளும் கட்டிக்கொண்டிருப்பார்கள். 2018-இல் கடனில் பாதிக்கு மேல் விளையாட்டுத் துறையின் தலையிலிருந்து எடுத்து, வளாகத்தின் பொதுக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெயர் உரிமையை விற்றாவது ஈடுகட்டலாம் என்று 2021-இல் கிரிப்டோ நிறுவனமான எஃப்.டி.எக்ஸ். உடன் பத்தாண்டுகளுக்கு 1.75 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த நிறுவனம் திவாலானது. பலகையைக் கழற்றும் வேலை வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் மேலாக, பெர்க்லி ஆடிவந்த மேற்குக்கரை லீக்கே கலைந்துபோனது. 2024 முதல் அது அட்லாண்டிக் கரையின் லீக்கில் ஆடுகிறது. அங்கே உள்ளே விட்டதற்கு விலையாக, முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு வருமானத்தில் முழுப் பங்கின் 30 சதவீதம்தான் கிடைக்கும். கடன் வாங்கியபோது இருந்த லீக் இல்லை, வருமானக் கணக்கு இல்லை, பயணத் தூரம் பல மடங்கு. தவணைத் தேதி மட்டும் மாறவில்லை. டிவிஷனையும் லீக்கையும் மாற்றலாம், மாற்றப்படவும் கூடும். கான்கிரீட்டை மாற்ற முடியாது. நூறாண்டுக் கடனை, எப்போது வேண்டுமானாலும் கலைந்துபோகக்கூடிய லீக்கை நம்பி வாங்குவது எந்த டிவிஷனுக்கும் பொருந்தாத யோசனை.

மாணவர் கட்டணம் என்ற எளிய வழி

நன்கொடையாளரும் இல்லை, கடன் வாங்கவும் பயம் என்றால் மூன்றாவது வழி மாணவர் தலையில் வைப்பது. தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்கப் போகும் மாணவரும் பல இடங்களில் இதைக் கட்டுகிறார். கட்டண ரசீதில் விளையாட்டுக் கட்டணம் என்று தனி வரியாக இருக்கும், அல்லது பொதுக் கட்டணத்துக்குள் கரைந்திருக்கும். ஆய்வகத்தை விட்டு வெளியே வராத அவர் அந்த மைதானத்துக்குள் ஒருமுறை கூடக் காலெடுத்து வைத்திருக்க மாட்டார்.

வர்ஜீனியா மாநிலம் 2015-இல் இதற்குச் சட்டம் போட்டது. விளையாட்டு வரவுசெலவில் எத்தனை சதவீதத்தை மாணவர் கட்டணத்திலிருந்தும் கல்லூரி மானியத்திலிருந்தும் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு. பெரிய லீக்குகளில் இருந்தால் 20 சதவீதம், ஃபுட்பால் மேல்தட்டின் மற்ற லீக்குகளில் 55, கீழ்த்தட்டில் 70, ஃபுட்பால் அணியே இல்லாவிட்டால் 78. சட்டம் எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். மேலே ஏறினால் வருமானம் பெருகும் என்கிறீர்களா, பெருகட்டும், மாணவரிடம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறது சட்டம். வேறு மாநிலத்தில் இருக்கும் கல்லூரியும் இந்தச் சதவீதங்களைத் தன் வரவுசெலவுப் பக்கத்தில் ஓரமாக எழுதி வைத்துப் பார்ப்பது நல்லது. 70-க்கு மேல் போகிறது என்றால் அங்கே விளையாட்டு நடப்பது ரசிகரின் பணத்தில் அல்ல என்று அர்த்தம்.

கட்டணத்தில் எனக்கு ஒரேயொரு வகை நியாயமாகப் படுகிறது: எல்லா மாணவரும் நீந்தவும் ஓடவும் பயன்படுத்தும் கட்டடத்துக்கு, மாணவர்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட கட்டணம்.

மூன்றாம் டிவிஷனின் விசித்திரக் கணக்கு

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றாம் டிவிஷன் வறுமையின் அடையாளம். உள்ளே போனால் கணக்கு வேறு. முதல் டிவிஷனில் வீரருக்குக் கல்லூரி பணம் கொடுக்கிறது. மூன்றாம் டிவிஷனில் வீரர் கல்லூரிக்குப் பணம் கொடுக்கிறார். ஃபுட்பால் அணியில் நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். சலுகைகள் போக ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டினால் 20 லட்சம் டாலர் வருகிறது. பயிற்சியாளர் சம்பளம், பஸ், உடை, காப்பீடு எல்லாம் போனாலும் மிஞ்சும். அதனால்தான் ஆயிரம், இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரிகள் ஆள்சேர்ப்பு சரியும்போது புதிதாக அணி தொடங்குகின்றன. இங்கே மைதானம் கட்டுவது விடுதி கட்டுவதற்குச் சமம். ரசிகர் இருக்கைகள் முக்கியமல்ல, உடைமாற்றும் அறையும் உடற்பயிற்சிக் கூடமும்தான் பதினேழு வயதுப் பையனையும் அவன் பெற்றோரையும் இழுக்கும்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். அந்த நூறு பேரில் எத்தனை பேர் அணி இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள் என்பது ஒன்று. பக்கத்து ஊர்க் கல்லூரியும் அதே பையனை அதே வழியில் இழுக்கிறது என்பது இன்னொன்று. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2006-இல் முதல் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க முடிவெடுத்தது. 1939-க்குப் பிறகு இல்லாதிருந்த ஃபுட்பாலை 2007-இல் மீண்டும் தொடங்கியது. பாடநூலில் உள்ளபடி எல்லாம் சரியாகச் செய்தது. ஆனால் அதன் நோய் விளையாட்டில் இல்லை, கல்லூரியின் பொதுக் கணக்கில் இருந்தது. 2024 மே 31 அன்று கல்லூரியே மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் மூன்றாம் டிவிஷனின் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. டிவிஷன் மாற்றம் மருந்தாகும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது.

கௌரவம் போய்விடுமே என்ற பயத்துக்கு மட்டும் மூன்றாம் டிவிஷனில் இடமில்லை. எம்.ஐ.டி. அங்கேதான் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகமும் அங்கேதான். ஒரு காலத்தில் அது ஃபுட்பாலில் பெரும்புலி. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலாக வாங்கியவர் அதன் ஜே பெர்வாங்கர். நான்கே ஆண்டுகளில் ஃபுட்பாலையே கைவிட்டது. ஆட்டமில்லாமல் கிடந்த அந்த ஸ்டேடியத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று மனிதர் கட்டுப்படுத்தி நடத்திய முதல் அணுக்கருத் தொடர்வினை நடந்தது. ஸ்டேடியத்தை அதைவிடப் பெரிதாகப் பயன்படுத்திய கல்லூரி இன்னும் வரவில்லை.

நடுவில் இருப்பவர்கள்

இரண்டாம் டிவிஷனைப் பற்றி யாரும் கனவு காண்பதில்லை. அதனாலேயே அதற்கு என்னிடம் மதிப்பு அதிகம். ஃபுட்பாலுக்கு 36 முழு உதவித்தொகை என்று உச்சவரம்பு. அதை நூறு பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவரும் மீதிக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். திறமையானவரை இழுக்கவும் முடிகிறது, கல்லூரிக்கு வரவும் இருக்கிறது. குறைந்தது பத்து விளையாட்டுகள் இருந்தால் போதும். மிச்சிகனின் கிராண்ட் வேலி அரசுப் பல்கலைக்கழகத்தில் இருபதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். 2002-க்கும் 2006-க்கும் இடையில் நான்கு முறை இரண்டாம் டிவிஷன் ஃபுட்பால் பட்டம் வென்றது. மேலே போவதற்கு அதைவிடத் தகுதி வேண்டியதில்லை. போகவில்லை. ஆண்டுதோறும் வெல்கிற இடத்தில் இருந்துகொண்டு மைதானத்தையும் நிரப்புகிறது.

ஐடஹோ பல்கலைக்கழகம் முதல் டிவிஷன் ஃபுட்பாலின் மேல்தட்டிலிருந்து தானாகவே கீழ்த்தட்டுக்கு இறங்கிய முதல் கல்லூரி. 2018-இல் இறங்கியபோது பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அதன் ஃபுட்பால் அரங்கில் 16,000 பேர்தான் உட்காரலாம். மேல்தட்டுக்காரர்களோடு போட்டிபோட அதை இடித்துக் கட்ட வேண்டியிருந்திருக்கும். இடிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கூடைப்பந்துக்கு 4,200 பேர் அமரும் அரங்கம் கட்டியது, செலவு சுமார் 5.1 கோடி டாலர். உள்ளூர்க் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று பெயர் உரிமைக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தது. கூரையைத் தாங்கும் உத்திரங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் காட்டு மரத்தையும் அறுத்துப் பயன்படுத்தினார்கள். அங்கே வனவியல் துறை பெரியது. பெயர்ப்பலகை விற்பதானால் இப்படித்தான் விற்க வேண்டும், ஊரை விட்டுப் போகாத நிறுவனத்துக்கு.

நகரத்தோடு பங்கு போட்டுக்கொள்வது இன்னொரு வழி. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் (யு.ஏ.பி.) 2014 டிசம்பரில் ஃபுட்பாலை மூடியது, ஊர் கொந்தளித்ததும் ஆறு மாதத்தில் முடிவை மாற்றியது, 2017-இல் மீண்டும் ஆடியது. மூடல் செய்தி வராமல் இருந்திருந்தால் நன்கொடையாளர்கள் பையைத் திறந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 2021-இல் அங்கே புது ஸ்டேடியம் வந்தது, ஆனால் அது பல்கலைக்கழகத்தின் சொத்தல்ல. நகரம் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வீதம் முப்பது ஆண்டுகள் தர ஒப்புக்கொண்டது; கச்சேரிகளும் மற்றப் போட்டிகளும் அங்கேயே நடக்கின்றன. கல்லூரி ஆண்டுக்கு ஆறேழு நாள்தான் ஃபுட்பால் ஆடுகிறது. அதற்காக ஒரு ஸ்டேடியத்தை வருடம் முழுக்கச் சொந்தமாக வைத்திருப்பது வசதி படைத்தவர்களின் பழக்கம்.

எந்த வழியில் போனாலும் திட்ட அறிக்கையில் விட்டுப்போகிற செலவுகள் சில உண்டு. செயற்கைப் புல்லைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அதற்குத் தன் பெயரை வைக்க நன்கொடையாளர் யாரும் முன்வருவதில்லை. ஆண்கள் அணிக்குப் புது வசதி வந்தால், 1972-ஆம் ஆண்டின் பாலினச் சமத்துவச் சட்டப்படி பெண்கள் அணிகளுக்கும் ஈடான வசதி தர வேண்டும். இந்த இரண்டையும் முதல் நாளே கணக்கில் எழுதாத திட்டத்துக்கு அறங்காவலர்கள் கையெழுத்துப் போடக் கூடாது.

விளையாட்டே வேண்டாம் என்ற நான்காவது வழியையும் மேசையில் வைத்துப் பேசுவது நல்லது. அட்லாண்டாவில் உள்ள ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி மூன்றாம் டிவிஷனில் சுமார் 80 வீராங்கனைகளுக்காக ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரை நெருங்கிய தொகை செலவழித்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் மொத்தம் இரண்டாயிரத்துக்குச் சற்று மேல் மாணவியர். அவர்களின் நீரிழிவு, ரத்த அழுத்த அபாயத்தைப் பார்த்த தலைவர் பெவர்லி டேனியல் டேட்டம், அந்தப் பணத்தை எல்லோருடைய உடற்பயிற்சிக்கும் திருப்புவதாக 2012-இல் அறிவித்தார். 2013-இல் அணிகள் கலைந்தன. இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாத கல்லூரி மூன்று டிவிஷன்களைப் பற்றிப் பேசத் தொடங்குவது அவசரப்படுவதாகும்.

பதில் இருக்கிறது என்றால், என் தேர்வு இப்படி. மாணவர் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குள், கட்டணத்தை நம்பியே பிழைக்கும் தனியார் கல்லூரி என்றால் மூன்றாம் டிவிஷன். கடன் வாங்காமல், இருக்கைகளைக் குறைத்து, பயிற்சிக் கூடத்தைப் பெரிதாக்கிக் கட்டலாம். மூவாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை படிக்கும் வட்டார அரசுக் கல்லூரிக்கு இரண்டாம் டிவிஷன், நகராட்சியோடு பகிர்ந்துகொள்ளும் மைதானம். முதல் டிவிஷனுக்குப் போவதானால் லீக்கின் அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும், கட்டடச் செலவில் பாதியாவது நன்கொடையாக வங்கியில் சேர்ந்திருக்க வேண்டும், தருவதாகச் சொன்ன வாக்குறுதி கணக்கில் சேராது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கட்டட வரைபடக்காரரை இன்னும் கூப்பிட வேண்டியதில்லை.